கல் சொல்லும் கடல் கதை

பாறைகளைத் தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படுத்துவர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் ஓர் அடையற்பாறை. அதில் படிந்துள்ள கடலுயிர்களின் சுவடுகள், மயோசின் காலத்தில் அந்நிலம் ஆழமற்ற கடலாக இருந்ததைக் காட்டுகின்றன.

மாத்தளையிலும் திகனையிலும் சுண்ணாம்பு சுடுவதற்காக உடைக்கப்படும் சலவைக்கல் உருமாறிய பாறையாகும். அதுவும் முன்பு கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லே. 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவானபோது, அது பூமியின் ஆழத்தில் புதையுண்டு, வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் சலவைக்கல்லாயிற்று. மேலிருந்த பாறைகள் நெடுங்காலம் அரிக்கப்பட்டதால் இன்று மலைநாட்டில் வெளித்தெரிகிறது.

ஆகவே, கடலுக்கு வெகுதொலைவிலுள்ள நம் மலைகளும் ஒரு பழங்கடலின் சாட்சிகளே. சூளையில் சுட்ட பின் கல் சுண்ணாம்பாகிவிடும். அச்சாட்சியத்தை மீண்டும் பெற முடியாது. உடைக்குமுன் ஒருமுறையேனும் அதைப் படித்தறிவோம்.