மாவு வியாபாரம் ஆரம்பிக்கலாமா? அக்காவின் 6 டிப்ஸ்

ஹைதராபாத் கொண்டாப்பூர் அபார்ட்மென்ட்டுகளில் குடியிருக்கும் நம்ம ஊர்ப் பெண்கள் பலருக்கும் இந்த யோசனை ஒரு தடவையாவது வந்திருக்கும்: “என் இட்லியை எல்லாரும் புகழ்றாங்களே, மாவு அரைச்சு வித்தா என்ன?” தாராளமாக விற்கலாம் தங்கச்சி. ஆனால், பெரிய கிரைண்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த ஆறையும் பார்த்துவிடு.

1. பாராட்டு ஆர்டர் ஆகாது: ஓசியில் சாப்பிட்டவர்கள் “சூப்பர்” என்றுதான் சொல்வார்கள். உன்னை முன்பின் தெரியாத ஒருத்தர் முழுக்காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் கேட்கிறாரா? ஒரு மாதம் சின்ன அளவில் விற்றுப் பார். இரண்டாம் முறை வாங்கியவர்களை மட்டும் நோட்டில் குறித்து வை.

2. வாங்கப்போவது யார்?: தெலுங்கு வீடுகளில் பெரும்பாலும் உளுந்தை அரைத்து, இட்லி ரவை கலந்துதான் இட்லி ஊற்றுவார்கள். அரிசி அரைத்த நம் மாவின் பதமே வேறு. தமிழ்க் குடும்பங்களை மட்டும் நம்பினால் எத்தனை வீடு தேறும்? தோசைக்காவது மற்றவர்கள் வாங்குவார்களா? கேட்டுவிட்டு இறங்கு.

3. கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடு: ஒரு கிலோ இட்லி அரிசி 60 ரூபாய், கால் கிலோ உளுந்து 35, வெந்தயம், உப்பு 5 என்று வைத்துக்கொள். 100 ரூபாய்க்கு ஏறக்குறைய 3 கிலோ மாவு. கிலோ 60-க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம் போலத் தெரியும். கவர், கரண்ட், டெலிவரி, புளித்து வீணாவது எல்லாம் கழித்துப் பார். பிறகு உன் கூலியையும் கழி. அதற்குப் பிறகும் மிஞ்சுவதுதான் லாபம்.

4. வெயிலும் குளிரும்: ஹைதராபாத் மே மாதத்தில் மாவு மதியத்துக்குள் பொங்கி வழியும். ஜனவரியில் விடிந்தாலும் அசையாது. எந்த மாதம் வாங்கினாலும் ஒரே பதத்தில் கொடுக்க உனக்குக் கை வந்துவிட்டதா?

5. பதிவு முக்கியம்: வீட்டு அடுப்படியில் செய்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) பதிவு கட்டாயம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம். ஏஜென்ட்டுக்குக் காசு அழாதே. அபார்ட்மென்ட் அசோசியேஷனிடமும் முதலிலேயே பேசிவிடு. பெண் தொழில்முனைவோருக்காகத் தெலங்கானா அரசு 2018-ல் தொடங்கிய ‘வி ஹப்’ இதே ஊரில்தான் இருக்கிறது. போய் விசாரி.

6. ஆறு மாதம் தாங்குமா?: 2005-ல் பெங்களூரில் 50 சதுர அடி இடத்தில் முஸ்தபாவும் உறவுக்காரச் சகோதரர்களும் தொடங்கியதுதான் ‘ஐடி ஃப்ரெஷ்’ மாவு நிறுவனம். அவர்களுக்கே ஒரு நாளைக்கு 100 பாக்கெட் என்ற இலக்கைத் தொட ஒன்பது மாதம் ஆனது. ஆறு மாதம் லாபமே வராவிட்டாலும் உன் வீட்டு வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் தடைபடாமல் இருக்க வேண்டும். நகையை அடகு வைக்காதே. அரசின் முத்ரா கடன் திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும்; அதுவும் திருப்பிக் கட்ட வேண்டிய கடன்தான் என்பதை மறக்காதே.

மற்றதெல்லாம் போகப்போகச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் மறுபடி வாங்க ஆள் இருந்து, கூலி போக மிச்சமும் இருந்தால் மட்டும் ஆரம்பி. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், கையில் இருக்கும் வேலையை இப்போதைக்கு விடாதே.