பிறந்தநாள் மேஜையில் ஒரு கடல்

குழந்தையின் பிறந்தநாளுக்குக் கடல், காடு என்று ஒரு கருப்பொருளை வைத்தால், எல்லாப் பண்டத்தையும் அதற்குள் திணிக்க வேண்டாம். இரண்டு மூன்று பண்டங்களில் அது தெரிந்தால் போதும். மற்றவை குழந்தைகள் வழக்கமாக விரும்பிச் சாப்பிடுபவையாக இருக்கட்டும்.

கடல் என்றால், அலையை ஜெல்லியில் கொண்டுவரலாம். மருந்தடிக்காத நீலச் சங்குப்பூ பத்துப் பன்னிரண்டை அரை லிட்டர் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் சர்க்கரையும் 5 கிராம் சைனா கிராஸ் பொடியும் சேர்த்து, பொடி முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டுத் தட்டில் ஊற்றுங்கள். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் இளகிவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் அறைச் சூட்டிலேயே உறைந்து அப்படியே நிற்கும். எலுமிச்சை மட்டும் சேர்க்காதீர்கள், நீலம் ஊதாவாகிவிடும். ஆனால் அதே சங்குப்பூ நீரைச் சர்பத்தாக்கி, குழந்தைகளையே எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். கண்ணெதிரே நிறம் மாறுவதைப் பார்க்கும் அவர்கள் முகத்துக்காகவே இதைச் செய்யலாம்!

உருளைக்கிழங்கு கட்லெட்டை மீன் வடிவில் தட்டி, உலர்திராட்சைத் துணுக்கைக் கண்ணாக வையுங்கள். முந்தின நாளே வடிவம் கொடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், அன்று பொரிப்பது மட்டும்தான் வேலை.

ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் வந்தால் பாப்கார்னும் முழு முந்திரியும் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். பால், முட்டை, வேர்க்கடலை யாருக்காவது ஒவ்வாதா என்று அழைக்கும்போதே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.