குணமான பிறகு எங்கே போவது?

கேள்வி: கொல்கத்தா பாவ்லோவ் மனநல மருத்துவமனையில், குணமான பிறகும் பலர் வருடக்கணக்கில் தங்கியிருக்கிறார்களாமே! வீட்டார் கைவிட்டால் வேறு வழியே கிடையாதா?

பதில்: உண்டு. வீட்டார் ஏற்கவில்லை, போக்கிடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. சட்டம் சொல்லிவிட்டது; ஆனால் கையில் காசில்லாதவருக்கு வாடகைக்கு வீடு யார் கொடுப்பார்? பாவ்லோவில் ரத்னாபோலி ராயின் ‘அஞ்சலி’ அமைப்பு வேலை தருவதில் இறங்கியது: உள்ளேயே சலவைக்கூடம், துவைப்பவர்களுக்குக் கூலி. 2022-இல் போண்டெல் சாலையில் குணமானவர்களுக்காக ‘ப்ரத்யய்’ இல்லத்தை அரசு திறந்தது. நல்லதுதான், ஆனாலும் அது இடைத்தங்கல்தான். நம்மூர் ‘பான்யன்’ அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: சாதாரணத் தெருவில் ஒரு வீடு, நாலைந்து பேர், உதவிக்கு ஆள். இன்றைக்குச் சாம்பாரா ரசமா என்பது அவர்கள் முடிவு.