பல அச்சு இயந்திரங்கள்: எண்ணிக்கையும் இயக்கமும்

இயந்திரங்களை ஆக்கித்தரும் இயந்திரங்களே இயந்திரக் கருவிகள். ஒரு நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு இவையே அடித்தளம். 1953-இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்றதும் இக்கருத்தை ஒட்டியே. இன்று கணிப்பொறிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்களை வாங்குவோர், ‘மூன்று அச்சு’, ‘ஐந்து அச்சு’ என்னும் சொற்களை ஒப்பந்தப்புள்ளிகளில் காண்கின்றனர். இவற்றின் பொருளைத் தெளிந்துகொள்ளாவிடின் பொதுப்பணம் வீணாக நேரிடும்.

அச்சு என்பது யாது?

கட்டுப்பாட்டுக் கருவி தனித்தனியே ஆணையிட்டு இயக்கக்கூடிய ஒவ்வோர் இயக்க வழியும் ஓர் அச்சாகும். சாதாரணக் கடைசல் இயந்திரத்துக்கு எக்ஸ், இசட் என இரண்டு அச்சுகள் போதும். மில்லிங் இயந்திரத்தில் ஒய் அச்சும் சேர்ந்து மூன்றாகிறது. பன்னாட்டுத் தர வரையறையின்படி, சுழல் தண்டுக்கு இணையானது இசட் அச்சு; வெட்டுளி பணிப்பொருளை விட்டு விலகும் திசை நேர்த்திசை. எனவே துளையிடும்போது வெட்டுளி எதிர்த்திசையில் செல்கிறது. இக்குறியை மாற்றி எழுதினால் வெட்டுளி பணிப்பொருளில் மோதும்.

எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றைச் சுற்றிய சுழற்சிகள் முறையே ஏ, பி, சி எனப்படும். மூன்று நேர் அச்சுகளுடன் இரு சுழல் அச்சுகள் சேர்ந்ததே வழக்கமான ஐந்து அச்சு இயந்திரம்.

இருவகை ஐந்து அச்சுகள்

இங்கேதான் கவனம் தேவை. ஒருவகை இயந்திரத்தில் சுழல் அச்சுகள் பணிப்பொருளைத் தேவையான கோணத்தில் திருப்பி நிறுத்திவிடும். அதன்பின் மூன்று அச்சுகளே வெட்டும். பெட்டி வடிவ உறுப்பின் பல முகங்களை ஒரே பொருத்தலில் முடிக்க இது போதும். கழற்றி மாட்டுவதால் நேரும் பிழைகளும் குறையும். மற்றொரு வகையில் ஐந்து அச்சுகளும் ஒரே வேளையில் இயைந்து இயங்கும். முறுக்கிய வடிவுடைய டர்பைன் அலகு போன்றவற்றுக்கு இத்தகைய இயக்கமே ஏற்றது. விலைப்பட்டியலில் இரண்டும் ‘ஐந்து அச்சு’ என்றே குறிக்கப்படலாம்.

இவ்வேறுபாடு நாடுகளின் பாதுகாப்பையும் தொடுகிறது. ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம் ஒன்பது அச்சு இயந்திரங்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்ற செய்தி 1987-இல் வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையாயிற்று. நீர்மூழ்கிக் கப்பல்களின் ஓசையற்ற உந்துசுழலிகளை ஆக்க அவை உதவின என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. இந்தியா 2017-இல் சேர்ந்த வாசனார் ஏற்பாட்டின் கட்டுப்பாட்டுப் பட்டியலும், ஒரே வேளையில் ஒருங்கியங்கும் அச்சுகளின் எண்ணிக்கையை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

எத்தனை அச்சுகள் ஒரே வேளையில் இயங்கும்? நம் பணிக்கு அத்தனையும் தேவையா? அவற்றுக்கு நிரல் எழுதப் பயிற்சி பெற்றோர் உளரா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே விலையை ஒப்பிடல் முறை. மூன்று அச்சில் முடியும் பணிக்கு ஐந்து அச்சு வாங்குவது முதலீட்டை முடக்குவதாகும். ஐந்தும் இயைந்து இயங்கவேண்டிய பணிக்குத் திருப்பி நிறுத்தும் வகையை வாங்குவதோ, முதலீட்டையே இழப்பதற்கு ஒப்பாகும்.