நேராகப் பேசுகிறவளுக்கு ஆயர் எதற்கு?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். மருமகள் சி.எஸ்.ஐ. பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டால், "நான் ஆண்டவர்கிட்டயே நேரா சொல்லிடுவேன் அத்தை" என்கிறாள். அப்படியானால் அவர்கள் சர்ச்சில் ஆயர் எதற்கு? அவளை எங்கள் ஃபாதரிடம் அழைத்துப்போகலாமா?
— வாசகி, பூந்தமல்லி

பதில்: உங்கள் மருமகள் பேசுவது 500 ஆண்டு பழைய வழக்கு அம்மா. ஞானஸ்நானம் பெற்ற எல்லோருமே குருக்கள்தான் என்று 1520-இல், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் எழுதினார். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின்படி பிரதான ஆசாரியர் இயேசு ஒருவரே. ஆக, அவள் சொல்லும் 'நேரா'விலும் நடுவில் ஒருவர் இருக்கிறார், அவர் கிறிஸ்து.

ஆயரைச் சபை ஊழியத்துக்கென்று அமர்த்துகிறது: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து. அவர் ஜெபம் உங்கள் மருமகள் ஜெபத்தைவிட ஒரு படி மேலே என்று கொள்கையளவில் கிடையாது. ஆனால் 1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய மரபுகள் இணைந்து சி.எஸ்.ஐ. ஆனபோது பேராயர் பதவியை விட்டுவிடவில்லை. ஆராதனையில் சபையார் சேர்ந்தே பாவ அறிக்கை செய்ய, ஆயர் மன்னிப்பின் வார்த்தையைச் சொல்வார்.

நேரே போகிறவர் வேதத்தையும் தானே படித்தாக வேண்டும் அல்லவா? 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, பள்ளி திறந்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியது அதற்காகத்தான்.

நடைமுறை வேறு. கைவைத்து ஜெபிக்கச் சொல்லி பாஸ்டர் முன் வரிசை நிற்கும் ஜெபக்கூடங்களை லூதர் பார்த்தால் முகம் சுளிப்பார். நமக்காகக் கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும் என்ற ஆசை எல்லா மதத்திலும் உண்டு. ராமானுஜரே தம் ஐயங்களுக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாளிடம் விடை பெற்றது உங்கள் ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பி மூலமாக என்பது வைணவ மரபு.

ஃபாதரிடம் அவளைப் பேச அழைத்துப்போகலாம்; பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டாம். மரண ஆபத்து போன்ற விதிவிலக்குகள் தவிர, பிற சபையாருக்கு அந்த அருட்சாதனத்தை உங்கள் திருச்சபையே வழங்குவதில்லை. மனம் கனத்தால் அவள் தன் ஆயரிடமே தனியாகச் சொல்லலாம், தடையில்லை. லூதர்கூட தனிப் பாவ அறிக்கையைக் கைவிடவில்லை, கட்டாயப்படுத்துவதைத்தான் எதிர்த்தார்.