குளிர்ந்த ஊற்றுத் தோட்டமும் பரோலோ வைனும்



இந்த முறை இத்தாலி நாட்டில் உள்ள ஒரு தோட்டத்தைப் பற்றிப் படிப்போம். அது தேயிலைத் தோட்டம் இல்லை, திராட்சைத் தோட்டம். அங்கே விளையும் பழத்தில் 'பரோலோ' என்ற சிவப்பு வைன் செய்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் பாடம் அல்ல. குடியால் லயங்களில் வரும் கஷ்டத்தை நலன்புரி வேலையில் தினமும் பார்க்கிறவன் நான். ஒரு தோட்டத்துப் பொருள் எப்படிப் பெயர் எடுக்கிறது, அந்தப் பெயரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தின் கதை

இத்தாலியின் வடமேற்கில் பியமோன்டே மாகாணம் இருக்கிறது. அங்கே செரலுங்கா என்ற மலைக் கிராமத்தில் உள்ளது பொன்டானாபிரெட்டா தோட்டம். இந்தப் பெயருக்கு 'குளிர்ந்த ஊற்று' என்று அர்த்தம்.

1858இல் விக்டர் இம்மானுவேல் என்ற அரசர் இந்த நிலத்தை வாங்கினார். 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது அதன் முதல் அரசரானவரும் இவர்தான். இவர் விரும்பிய ரோசா என்ற பெண் இராணுவத்தில் இருந்த ஒருவரின் மகள், சாதாரண குடும்பம். அவருக்காகவே இந்தத் தோட்டம். அவர்களுடைய மகன் இம்மானுவேல் 1878இல் இங்கே வைன் தொழிலைத் தொடங்கினார். வேலையாட்கள் குடும்பத்தோடு தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் தேவாலயமும் இருந்தன.

வேலை எப்படி?

பரோலோவுக்கு 'நெபியோலோ' என்ற ஒரே வகைத் திராட்சைதான். 'நெபியா' என்றால் இத்தாலி மொழியில் மூடுபனி. அந்த மலைகளில் பனி இறங்கும் ஒக்டோபர் மாதத்தில்தான் இந்தப் பழம் பறிப்புக்கு வரும்.

குளிர்காலத்தில் இலை கொட்டியதும் கொடிகளைக் கவ்வாத்துப் பண்ணுவார்கள். கோடையில் காய்க்குலைகளில் ஒரு பகுதியை வெட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். பார்க்க நட்டம் மாதிரித்தான் தெரியும். ஆனால் மிச்சக் குலைகள் நன்றாக முற்றும். அறுவடை நேரத்தில் சரிவில் நின்று கையால் குலை குலையாக வெட்டிக் கூடையில் சேர்ப்பார்கள்.

பழத்தை நசுக்கித் தோலோடு புளிக்க விடுவார்கள். புது வைன் வாயைப் பிடிக்கும்படி துவர்க்கும். கடும் சாயத் தேத்தண்ணி குடித்தால் நாக்கில் ஒரு துவர்ப்பு பிடிக்குமே, அதே மாதிரி. அது அடங்க மரப் பீப்பாயில் ஊற்றிக் காத்திருக்க வேண்டும்.

பெயருக்குக் காவல்

பரோலோ என்பது ஒரு ஊரின் பெயர். அந்தப் பெயரை யாரும் நினைத்தபடி போத்தலில் ஒட்ட முடியாது. இத்தாலிச் சட்டம் 1980இல் இதற்கு மிக உயர்ந்த தரம் கொடுத்தது. இன்றைய விதிகள் இவை:

1. பரோலோவும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுமாக மொத்தம் 11 ஊர்களில் விளைந்த பழமாக இருக்க வேண்டும்.
2. மலைச்சரிவில் விளைந்ததாக இருக்க வேண்டும். பள்ளத்திலும் சமதரையிலும் விளைந்தது ஆகாது.
3. ஒரு ஹெக்டயரில், அதாவது இரண்டரை ஏக்கரில், 8,000 கிலோவுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது.
4. 38 மாதம் முதிர வைக்க வேண்டும். அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் பரோலோ என்று விற்க முடியாது. தேறிய போத்தலின் கழுத்தில் இலக்கமிட்ட அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டப்படும்.

கைமாறிய தோட்டம்

நல்ல பெயர் இருந்தும் இந்தத் தோட்டம் விழுந்தது. கொடியின் வேரைத் தின்னும் பூச்சியும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வந்தன. 1930களின் தொடக்கத்தில் அரச குடும்பத்தின் கையைவிட்டுப் போய் ஒரு வங்கியின் கைக்கு வந்தது. 70 வருடத்துக்கு மேல் வங்கியே நடத்தியது. 2008இல் ஒஸ்கார் பரினெட்டி என்ற உணவு வியாபாரியும் அவருடைய கூட்டாளியும் வாங்கினார்கள்.

அரசர், அவருடைய மகன், வங்கி, வியாபாரி என்று முதலாளிமார் மாறினார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் கவ்வாத்தும் குலை வெட்டும் நின்றால் அந்தப் பெயர் நிற்காது. பெரிய பெயர் மட்டும் தோட்டத்தைக் காப்பாற்றவில்லை என்பதையும் கவனியுங்கள். வேலை சுத்தமாக இருக்க வேண்டும், ஏமாற்றுக்கு இடம் கொடாத சட்டம் வேண்டும், கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

1. காய்க்குலையை வெட்டிப் போடுவதால் என்ன லாபம்?
2. ஊரின் பெயரை மற்றவர்கள் போட முடியாமல் சட்டம் தடுப்பதால் அந்த ஊர் வேலையாட்களுக்கு என்ன நன்மை?
3. நாம் பறிக்கும் கொழுந்து எந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

மூன்றாவது கேள்வியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களிடம் விசாரித்து வரச் சொல்லுங்கள்.