ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்வியும் நாம் சொல்லும் பதிலும்

ரமலான் நெருங்கும்போது நமது காரைக்கால் வீடுகளில் வழக்கமாக நடக்கும் காரியம் ஒன்றுண்டு. சர்க்கரை வியாதியுள்ள உம்மாவையோ மாமியையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். "நோன்பு வைப்பீர்களா அம்மா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லை" என்று பதில் வருகிறது. டாக்டர் வழக்கமான மாத்திரையையே எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்தபின் முதல் நோன்பிலிருந்து முப்பதும் விடாமல் நடக்கிறது. டாக்டர் தடுத்துவிடுவாரோ என்ற பயந்தான் அந்த 'இல்லை'க்குக் காரணம்.

நமக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் இது சற்று வேறு விதமாக நடந்தது. ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்த வீட்டு மாமியிடம் இளம் டாக்டர் ஒருவர் காகிதத்தோடு வந்து, "ஓர் ஆய்வு நடத்துகிறோம், நீங்கள் சேருகிறீர்களா?" என்று கேட்டார். உடனே மருமகள், "மாமி, கையெழுத்துப் போட்டுடாதீங்க, புது மருந்தை உங்க மேலே பரிசோதிக்கப் போறாங்க" என்று காதோடு சொன்னார். மாமியோ, "என் மவன் துபாயிலேருந்து போன் பண்ணட்டும், கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று எழுந்து வந்துவிட்டார். பின்பு இருவரும், "நாங்கள் செய்தது சரியா?" என்று நம்மிடம் கேட்டார்கள். நமதூரில் 2016ல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பிறகு, இக்கேள்வி இனி எந்த வீட்டுக்கும் வரக்கூடும். ஆகவே இதை விளக்கமாகவே பார்ப்போம்.

கவனித்தறியும் ஆய்வு என்பது என்ன?

மருத்துவ ஆய்வுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார். ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023ல் வெளியான காசநோய் ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது. எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஆனால் நோயாளியின் வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவும் சத்து மாத்திரையும் கொடுத்து, மறு பிரிவினரோடு ஒப்பிட்டார்கள். உணவு பெற்ற வீட்டாரிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்தது. இது சோதனை ஆய்வு.

இரண்டாவது வகையில் ஆய்வாளர் சிகிச்சையை மாற்றுவதில்லை. வழக்கமான டாக்டர் கொடுக்கும் மருந்தே தொடரும். நோயாளியைக் கேள்வி கேட்பார்கள், எடை பார்ப்பார்கள், இரத்தமோ சளியோ எடுப்பார்கள், சில மாதம் கழித்து மீண்டும் வரச்சொல்லி அவர் நிலையைக் குறித்துக்கொள்வார்கள். இதுதான் கவனித்தறியும் ஆய்வு. சுமார் 130 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரி ஜிப்மரில் இத்தகைய பெரிய காசநோய் ஆய்வொன்று நடந்திருக்கிறது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பகுதி நோயாளிகளையும், அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்போரையும் அதில் சேர்த்தார்கள். சத்துக் குறைவு, மதுப்பழக்கம், சர்க்கரை வியாதி ஆகியவை இருந்தால் நோயின் போக்கு எப்படி மாறுகிறது என்று கவனித்தார்கள்.

எனவே, 'புது மருந்தைப் பரிசோதிப்பார்கள்' என்ற மருமகளின் பயம் இவ்வகை ஆய்வுக்குப் பொருந்தாது. ஆனாலும் கேட்காமல் கையெழுத்திட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. அதைப் பின்னால் சொல்வோம்.

கேட்டுக் கேட்டே கிடைத்த பலன்

வெறுமனே கேள்வி கேட்டு எழுதுவதால் என்ன பலன் என்று தோன்றலாம். 1950ல் டோல், ஹில் என்ற இரு ஆங்கிலேய ஆய்வாளர்கள் இலண்டனில் 20 ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளிடம் புகைப்பழக்கத்தைப் பற்றி விசாரித்து எழுதினார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு தெளிவாகத் தெரிந்தது. படுக்கையில் கிடந்த நோயாளிகள் உண்மையைச் சொன்னதால் உலகமே பயன் பெற்றது.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. 2001ஆம் ஆண்டு ரமலானை ஒட்டி, இந்தியா உட்பட 13 நாடுகளில் சர்க்கரை வியாதியுள்ள முஸ்லிம்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 12,243 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டு 2004ல் முடிவு வெளியாயிற்று. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை வியாதிக்காரர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நோன்பாவது வைத்திருந்தார்கள். இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத முதல் வகையினரிலும் நூற்றுக்கு 43 பேர் வைத்திருந்தார்கள். இரண்டாம் வகையினரில் 1000 பேருக்கு மாதம் 4 என்றிருந்த கடுமையான சர்க்கரைத் தாழ்வு, ரமலானில் 30 ஆக உயர்ந்திருந்தது. அதாவது ஏழரை மடங்கு!

இதற்குப் பிறகுதான், நோன்பு நோற்கும் நோயாளிக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றும் முறைகளை மருத்துவ உலகம் ஊன்றி எழுதத் தொடங்கியது. 2016ல் வெளியாகி 2021ல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டி நெறிகள், யாருக்கு ஆபத்து குறைவு, யாருக்கு அதிகம் என்பதைப் பகுத்துச் சொல்கின்றன. "ஆம், நோன்பு வைத்தேன்" என்று உண்மையைச் சொன்ன ஆயிரக்கணக்கானோரின் பதிலில் விளைந்த பயன் இது. அவர்களும் 'இல்லை' என்றே சொல்லியிருந்தால், நமது உம்மாமார்களுக்கு இந்த வழிகாட்டல் கிடைத்திருக்குமா?

பார்த்துக்கொண்டே இருந்த பாவம்

இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரில், 1932 முதல் 1972 வரை சுமார் 600 ஏழைக் கறுப்பின ஆண்களைக் கவனித்து வந்தார்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தது. நோயின் பெயரைக்கூட அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் நல்ல மருந்தென்று தெரிந்த பின்னும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1997ல்தான் அமெரிக்க ஜனாதிபதி இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

'கவனிக்கத்தானே செய்கிறோம், என்ன தீங்கு?' என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சாட்சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வுகள் நெறிமுறைக் குழுவின் பரிசீலனைக்குப் பின்பே நடைபெற வேண்டும். அக்குழுவில் டாக்டர்கள் மட்டுமின்றி, சட்டம் அறிந்தவரும் சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இடம் பெறுவர்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. இந்த ஆய்வு எதைப் பற்றியது, யார் நடத்துகிறார்கள், நெறிமுறைக் குழு அனுமதி உண்டா?

2. என்ன எடுப்பார்கள், எத்தனை முறை வரவேண்டும்? நோன்புக் காலத்தில் இரத்தம் எடுப்பதானால் எந்த நேரம்?

3. என் சிகிச்சை மாறுமா? 'மாட்டேன்' என்றாலும், பாதியில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. இது நோயாளியின் உரிமை.

4. என் பெயரும் நோயும் யாருக்குத் தெரியும்? காசநோய் என்று வெளியே தெரிந்தால் பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சும் ஊர் நமதூர். எனவே இக்கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

5. ஆய்வுக்கென்று செய்யும் பரிசோதனைக்கு நாம் பணம் கட்ட வேண்டுமா? கட்டக்கூடாது என்பதே முறை. வழிச்செலவு தருவதுண்டு.

விவரத்தாள் நமக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தப்படாத சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். பெண்கள் பெண் ஊழியரைக் கொண்டு எடை, உயரம் பார்க்கும்படி கேட்கலாம்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நமது ஆண்கள் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கலந்து பேசுவது நல்லதே. அதற்கு அவகாசம் கேட்கலாம், விவரத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் வயது வந்த, சுய புத்தியுள்ள பெண்ணின் சம்மதம் அவளுடையது. மகனோ கணவரோ அவளுக்குப் பதிலாகச் சம்மதிக்கவும் முடியாது. அவள் விரும்பாதபோது அவளைச் சேர்க்கவும் முடியாது.

சம்மதித்தபின் நம் கடமை

சேர்வதும் சேராமலிருப்பதும் நம் விருப்பம். சேர்வதால் நமக்கு நேரடியாகப் பலன் கிட்டாமலும் போகலாம். பின்னால் வரும் நோயாளிகளுக்கே பெரும்பாலும் பலன். ஆனால் சேர்ந்துவிட்டால் நாம் சொல்லும் ஒவ்வொரு பதிலும் ஒரு சாட்சியம். மாத்திரையை விட்டுவிட்டு 'சாப்பிட்டேன்' என்பதும், நோன்பு வைத்துக்கொண்டே 'வைக்கவில்லை' என்பதும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் செய்யும் துரோகமாகும்.

பாதியில் காணாமற் போவதும் அப்படியே. நோய் முற்றியவர்களே அதிகமாக வராமற் போனால், எஞ்சியவர்களை மட்டும் பார்த்து 'எல்லாரும் நலம்' என்று தவறாக எழுத நேரிடும். வெளிநாடு போகும் உத்தேசம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. விலகுவதானாலும் சொல்லிவிட்டு விலகலாமே!

ஆய்வாளருக்கும் ஓர் எல்லை உண்டு. ஐப்பசி மழையில் குடை விற்பனையும் கூடும், காய்ச்சலும் கூடும். குடையால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. கவனித்தறியும் ஆய்வு இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதைக் காட்டும். ஒன்றுதான் மற்றதற்குக் காரணமா என்பதை அறிய இன்னும் ஆராய வேண்டும். எனவே ஓர் ஆய்வின் செய்தியைக் கேட்டதும் மருந்தை நிறுத்திவிடுவது கூடாது.

இனி அந்த மாமிக்கு நாம் சொன்ன பதில்: "டாக்டரிடம் மறுபடி போங்கள், நோன்பு வைக்கும் எண்ணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். காகிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனம் இசைந்தால் சேருங்கள், இல்லையென்றால் வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்து, வேறு நாட்களில் களாச் செய்ய வழி வைத்தவன் அல்லாஹ். குணமாகும் நம்பிக்கை இல்லாதவருக்கு பித்யாவும் உண்டு. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரின் சொல்லோடு ஆலிமிடம் கேளுங்கள். அவன் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கம் என்ன?"

மாமி சற்று நேரம் பேசாமலிருந்து, "இத்தனை வருஷமா அந்த டாக்டர்கிட்டே பொய்யில்லே சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார். நம்மில் பலர் சொல்ல வேண்டிய வார்த்தை அது.

கேட்க வேண்டியதைத் துணிந்து கேட்கவும், சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.